பிள்ளைக்கு இணையவழிக் கல்வி பொருந்துமா? யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர் யாழ்ப்பாணத்தில் இணையவழி வகுப்பை ஏதாவது ஒரு வடிவில் காணாத வீடு குறைவு. ஒரே கைத்தொலைபேசியை அண்ணனும் தங்கையும் முறைவைத்துப் பயன்படுத்தினார்கள். ஆசிரியர்கள் கொப்பிப் பக்கங்களைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். 2022இல் மின்வெட்டு நீண்டபோது அதுவும் தடைப்பட்டது. அந்த அனுபவத்தை வைத்து "இணையவழிப் படிப்பு எங்கள் பிள்ளைகளுக்குச் சரிவராது" என்று சொல்பவர்களும் உண்டு, "என் பிள்ளை வீட்டில் இருந்தபோதுதான் நன்றாகப் படித்தது" என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் அவசர காலத்து ஏற்பாட்டைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. முறையாக நடத்தப்படும் இணையவழிக் கல்வியில் முன்கூட்டியே வகுத்த பாடத்திட்டமும், பிள்ளை தனக்கு இயன்ற நேரத்தில் திரும்பப் பார்க்கக்கூடிய பதிவுகளும், ஒப்படைகளைத் திருத்தித் தரும் ஆசிரியரும் இருக்க வேண்டும். அவை இல்லாத ஒன்றைக் கொண்டு அவை உள்ள ஒன்றை மதிப்பிட முடியாது.

ஆகவே இணையவழிக் கல்வி நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. இந்தப் பிள்ளைக்கு இப்போதைய பாடசாலை ஒழுங்கில் எது தடையாக நிற்கிறது, நேரமும் இடமும் நெகிழ்ந்துகொடுத்தால் அந்தத் தடை நீங்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. தடை நேரத்திலும் இடத்திலும் இருந்தால் இணையவழி உதவும். தடை பிள்ளையின் மனத்திலோ, கண்ணிலோ, காதிலோ, பாடசாலையில் உள்ள ஒருவரின் நடத்தையிலோ இருந்தால், பிள்ளையை வீட்டில் திரைக்கு முன் இருத்துவது அந்தத் தடையை மறைத்துவைக்குமே தவிர நீக்காது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதற்காகவே எழுதப்பட்டவை.

முதற்படி: முடிவெடுக்கும் முன் எழுதிவையுங்கள்

ஒரு சாதாரண கொப்பியை எடுத்து நான்கு வாரங்களுக்குக் குறிப்பு எழுதுங்கள். பிள்ளை எந்த நாள் பாடசாலைக்குப் போகவில்லை, என்ன காரணம் சொன்னது, வயிற்றுவலியோ தலையிடியோ எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு அடங்கியது, அன்று நேரசூசியில் எந்தப் பாடங்கள் இருந்தன, முதல்நாள் எத்தனை மணிக்கு உறங்கியது என்பவற்றைச் சுருக்கமாகக் குறித்தால் போதும். ஞாயிறு இரவு தொடங்கித் திங்கள் காலை கூடி, பாடசாலை வாகனம் போன பின்னர் பத்து மணிக்கெல்லாம் மறைந்துவிடும் வயிற்றுவலியும், சனிக்கிழமையும் வரும் வயிற்றுவலியும் வெவ்வேறானவை. முதலாவது பெரும்பாலும் பதற்றத்தின் அடையாளம், ஆனால் அந்த வலி உண்மையானது. பிள்ளை நடிக்கிறது என்று எண்ணிக் கண்டிக்கக் கூடாது. இரண்டாவதற்கு மருத்துவரிடம் போக வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குக் கூடுதலாக ஒரு தடயம் கிடைக்கிறது. இங்கு பெரும்பாலான பிள்ளைகள் பாடசாலை விட்டதும் தனியார் கல்வி நிலையத்துக்கும் போகிறார்கள். பாடசாலைக்குப் போக மறுக்கும் பிள்ளை டியூசனுக்கு மட்டும் விருப்பத்தோடு சைக்கிளை எடுக்கிறது என்றால், படிப்பில் வெறுப்பில்லை, அந்தப் பாடசாலையில் உள்ள ஏதோ ஒன்றுதான் தடை என்று கொள்ளலாம். இரண்டுக்குமே போக மறுத்தால் கற்றலில் ஒரு சிரமமோ மனச்சோர்வோ இருக்கக்கூடும். பாடசாலைக்கு மகிழ்ச்சியோடு போய், மாலை டியூசன் முடிந்து வந்து புத்தகத்தின் மேலேயே உறங்கிவிடும் பிள்ளைக்குக் காலை ஏழரையிலிருந்து மாலை ஆறு மணி வரை நீளும் நாள்தான் பாரம். இத்தகைய பிள்ளையைப் பாடசாலையிலிருந்து விலக்கி டியூசனைத் தொடரச் சொல்லும் பெற்றோரைக் காண்கிறோம். குறைக்க வேண்டியதை விட்டுவிட்டு வைத்திருக்க வேண்டியதைக் குறைக்கிறார்கள் என்பதே என் கருத்து. இரண்டு டியூசன் வகுப்புகளை ஒரு தவணைக்கு நிறுத்திப் பாருங்கள். பல வீடுகளில் அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

இரண்டாம் படி: பாடசாலையில் இருந்துகொண்டே தீர்க்கக்கூடியவற்றைத் தீருங்கள்

கண்பார்வையையும் செவிப்புலனையும் முதலில் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாமல் கவனம் சிதறும் பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டும், இணையவழிப் பாடசாலை வேண்டாம். அடுத்து, பிள்ளையின் தரத்துக்கு இரண்டு தரம் கீழான தமிழ்ப் பாடநூலைக் கொடுத்து ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி அருகில் இருந்து கேளுங்கள். வாயால் கேட்டால் எல்லாம் விளங்கும் பிள்ளை, எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது மட்டும் திணறினால் வாசிப்புக் குறைபாடு இருக்கக்கூடும். அதனைக் கவனியாமல் இணையவழிக்கு மாற்றினால், வாசித்து விளங்க வேண்டிய பகுதி அங்கே இன்னும் கூடுதலாக இருப்பதால் சிரமம் இரட்டிக்கும்.

மாற்றங்கள் நிகழும் ஆண்டுகளைத் தனியாகக் கவனியுங்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்து, ஊர்ப் பாடசாலையில் எல்லோரும் அறிந்த பிள்ளையாக இருந்தது, தரம் 6இல் நகரத்துப் பெரிய பாடசாலையில் முகமறியாத நாற்பது பேரில் ஒன்றாகிவிடுகிறது. காரைநகரிலிருந்தோ கொடிகாமத்திலிருந்தோ வருவதானால் விடியற்காலையிலேயே பேருந்துக்கு நிற்கவும் வேண்டும். இந்த வாட்டம் முதல் இரண்டு தவணைகளில் வருவது இயல்பு. வகுப்பாசிரியரிடமும், பாடசாலையில் உள்ள ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமும் பேசுங்கள். ஊர்ப் பாடசாலைக்கே திரும்புவதையும் வெட்கமின்றி எண்ணிப் பாருங்கள். அயலவர் என்ன சொல்வார்கள் என்பதற்காகப் பதினொரு வயதுப் பிள்ளையை வருத்தத் தேவையில்லை.

அடித்தல், அவமதித்தல், சக மாணவர்களின் துன்புறுத்தல் ஆகியவை தெரியவந்தால் அவற்றை எழுத்தில் முறையிடுங்கள். முதலில் அதிபர், பின்னர் வலயக் கல்வி அலுவலகம், தேவைப்பட்டால் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். குற்றம் செய்தவர் அங்கேயே இருக்க, குற்றம் செய்யாத பிள்ளை பாடசாலையை விட்டு விலகுவது தீர்வாகாது.

மூன்றாம் படி: உங்கள் பிள்ளை பின்வருவோரைப் போன்றதா என்று பாருங்கள்

நீண்டகால நோய் உள்ள பிள்ளைகளுக்கே நெகிழ்வான இணையவழிக் கல்வி மிகத் தெளிவாகப் பொருந்துகிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் தாயுடன் மகரகமவுக்குப் போய் மாதக்கணக்கில் தங்க நேரும் பிள்ளை ஊருக்குத் திரும்பிய பின்னரும், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் காலத்தில் கூட்டத்தைத் தவிர்க்கும்படி மருத்துவர் சொல்லியிருப்பார். அந்தப் பிள்ளைக்கு மருந்தின் களைப்பு நீங்கிய ஒரு மணிநேரத்தில் கணிதம் பார்க்கவும், மறுநாள் எதையும் பார்க்காமல் விடவும் இடம் வேண்டும். அதனைப் பாடசாலை நேரசூசி தர முடியாது. பதிவுசெய்த பாடம் தரும்.

மதிஇறுக்கம் (ஓட்டிசம்) உள்ள சில பிள்ளைகள் பாடத்தை விரைவாகப் பிடித்துக்கொண்டும், இடைவேளை மணியையும் வரிசையில் நெரிசலையும் வகுப்பின் இரைச்சலையும் தாங்க முடியாமல் நாள் முழுவதும் தவிப்பார்கள். வீட்டின் அமைதியில் இவர்கள் படிப்பதைப் பார்த்தால் வேறு பிள்ளை போலத் தோன்றும். எனினும் பிறரோடு பழகப் பயில வேண்டிய தேவை இவர்களுக்கே அதிகம் என்பதால், வாரத்தில் சில நாள்களேனும் வெளியே ஒரு குழுவோடு சேரும் ஏற்பாடு இல்லாமல் இணையவழியை மட்டும் நம்பக் கூடாது. செவிப்புலன் அல்லது விழிப்புலன் இழந்த பிள்ளைகளாயின், கைதடியில் உள்ள நவீல்ட் பாடசாலையை நேரில் சென்று பார்த்த பின்னரே வேறு வழி தேடுங்கள்.

கலையும் விளையாட்டும் ஒரு பிள்ளையின் நாளில் பாதியை எடுத்துக்கொள்ளும்போதும் இந்தக் கேள்வி எழுகிறது. அளவெட்டி, இணுவில் போன்ற ஊர்களில் தவிலும் நாதஸ்வரமும் பரம்பரையாகப் பயிலும் வீடுகளில், திருவிழாக் காலத்தில் இரவுக் கச்சேரி முடிந்து வரும் பையன் மறுநாள் காலை வகுப்பில் விழித்திருப்பது கடினம். நல்லூர்த் திருவிழா மட்டுமே 25 நாள்கள். இத்தகைய பிள்ளைக்கு முழு இணையவழிப் பாடசாலை தேவையில்லை. தவறும் பாடங்களைப் பின்னர் பார்த்துக்கொள்ளும் வசதியே போதும். அதனைக் கல்வியமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் உள்ள பாடங்களையும், கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் இலவசமாகத் தரும் பாடநூல்களையும் கொண்டு வீட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம்.

தீவகத்து மாணவர்களின் நிலை இதற்கு நெருக்கமானது. நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரம். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் ஆசிரியர்களும் வர முடியாது. உயர்தரத்தில் ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால், பதினாறு வயதுப் பிள்ளையை நகரத்தில் அறை எடுத்துத் தங்கவைப்பதற்கு முன், அந்த ஒரு பாடத்தை மட்டும் இணையவழியில் படிக்க அதிபரோடு சேர்ந்து ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். முழுமையாக விலகுவது, முழுமையாகத் தொடர்வது என்ற இரண்டுக்கும் நடுவில் இப்படிப் பல வழிகள் இருக்கின்றன, பெற்றோர் அவற்றைக் கேட்பது குறைவு.

யாழ்ப்பாணத்துக்கே உரிய இன்னொரு நிலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தந்தை கனடாவிலோ பிரான்சிலோ இருக்க, குடும்பம் விசாவுக்காகக் காத்திருக்கிறது. "எப்படியும் போகப் போகிற பிள்ளைதானே" என்று தமிழ்மொழி மூலப் பாடசாலையிலிருந்து விலக்கி, ஆங்கிலத்தில் நடக்கும் வெளிநாட்டு இணையவழிப் பாடசாலையில் சேர்க்கிறார்கள். காத்திருப்பு ஆண்டுகளாக நீளும்போது பிள்ளை இரண்டு கரையிலும் இல்லாமல் போகிறது: இங்கே சாதாரண தரத்துக்குத் தயாராகவில்லை, அங்கே இன்னும் போகவில்லை, நண்பர்களும் இல்லை. போகும் திகதி கையில் கிடைக்கும் வரை பாடசாலையைத் தொடர்ந்து, மாலையில் மொழிக்காக மட்டும் இணையவழி வகுப்பைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. நன்றாகத் தமிழில் கணிதமும் விஞ்ஞானமும் கற்ற பிள்ளை புதிய நாட்டில் மொழியை மட்டும் பிடித்தால் போதும். எதையும் ஒழுங்காகக் கற்காத பிள்ளை எல்லாவற்றையும் பிடிக்க வேண்டியிருக்கும். மறுவளமாக, வெளிநாட்டில் பிறந்து ஊர் திரும்பிய, தமிழில் எழுத வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு முன்பு படித்த மொழியிலேயே இணையவழியில் தொடர்வது நியாயமான தெரிவு. அதற்கும் தமிழ் எழுத்தை நாளும் பயிற்றுங்கள்.

நான்காம் படி: பொருந்தாத இடங்களை அறிந்துகொள்ளுங்கள்

பாடசாலையை நினைத்தாலே நடுங்கும் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தால் அன்றே முகம் தெளிந்துவிடும். அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் பெற்றோர் இணையவழி பொருந்துகிறது என்று எண்ணிவிடுகிறார்கள். அஞ்சும் ஒன்றைத் தவிர்க்கும்போதெல்லாம் உடனடியாக நிம்மதி கிடைக்கிறது, அந்த நிம்மதியே அடுத்த முறை தவிர்ப்பதை இன்னும் வலுவாக்குகிறது. வீட்டில் இருக்கும் காலம் நீள நீளத் திரும்பிப் போவது கடினமாகிறது. ஆகவே இத்தகைய பிள்ளைக்கு இணையவழிக் கல்வி கொடுப்பதாயின், அது படிப்பு அறுந்துபோகாமல் இருக்க இடைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும் கயிறாக மட்டுமே இருக்க வேண்டும். யாழ். போதனா வைத்தியசாலையின் அல்லது தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநல மருத்துவப் பிரிவை நாடி, முதல் வாரம் ஒரு பாடவேளை, பின்னர் அரை நாள் என்று படிப்படியாகத் திரும்பும் திட்டத்தை மருத்துவரோடும் அதிபரோடும் சேர்ந்து வகுக்க வேண்டும். பிள்ளை உயிர்மீது வெறுப்பாகப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

பகல் நேரத்தில் பெரியவர் ஒருவரும் இல்லாத வீடும், சண்டையோ மதுவோ உள்ள வீடும் இதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. அங்கே பாடசாலைதான் பிள்ளையின் பாதுகாப்பு. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கும், அதாவது தரம் 5 வரை, மருத்துவக் காரணம் இல்லாமல் முழு இணையவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வயதில் கையால் எழுதுவதும், முறைவைத்து விளையாடுவதும், கோபத்தை அடக்குவதும்தான் பாடம்.

ஐந்தாம் படி: சட்டத்தையும் பரீட்சையையும் பாருங்கள்

இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். முன்பு 14 ஆக இருந்த மேல் எல்லை 2016இல் உயர்த்தப்பட்டது. ஆகவே அந்த வயதுப் பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து வெட்டி விடுகைப் பத்திரம் எடுப்பதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். மருத்துவ அறிக்கையுடன் அதிபருக்கு எழுதி, நீண்ட விடுமுறை, பகுதிநேர வரவு, வீட்டில் செய்யும் ஒப்படைகள் ஆகியவற்றுக்கு இடமுண்டா என்று கேளுங்கள். விளங்காவிட்டால் உங்கள் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து வலயங்கள் உள்ளன. உயர்தரத்துக்குப் பாடசாலை மூலம் தோற்றுவோரிடம் 80 சதவீத வரவு எதிர்பார்க்கப்படுகிறது. ஆண்டில் 200 பாடசாலை நாள்கள் என்று கொண்டால், 40 நாளுக்குமேல் தவறினால் சிக்கல் வரும்.

பாடசாலையை விட்டவர் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கலாம். அப்போது பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தலைப் பார்த்து, முடிவுத் திகதிக்குள் விண்ணப்பிப்பது உங்கள் பொறுப்பு. அதிபர் நினைவூட்ட மாட்டார். அரச பல்கலைக்கழக அனுமதி உள்நாட்டு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை அடிப்படையாகக் கொண்டது. எனவே மருத்துவபீடமோ பொறியியல்பீடமோ கனவாக இருக்கும் பிள்ளையை வெளிநாட்டுப் பாடத்திட்டத்துக்கு மாற்றும் முன் இருமுறை எண்ணுங்கள். அந்தப் பாடத்திட்டங்களின் பரீட்சைகளுக்கும் நிலையத்துக்கு நேரில் போக வேண்டும். நிலையம் கொழும்பில் என்றால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர்ப் பயணமும் தங்குசெலவும் சேரும், கட்டணம் பெரும்பாலும் பிரித்தானியப் பவுணில் கணக்கிடப்படும். "நாங்கள் பதிவுசெய்யப்பட்ட நிறுவனம்" என்று சொன்னால், எங்கே பதிவு என்று கேளுங்கள்: கம்பனியாகப் பதிந்திருப்பது கல்வி அங்கீகாரம் ஆகாது. தமிழ்மொழி மூலத்தில் இணையத்தில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பாட வகுப்புகளே, பாடசாலைகள் அல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பலர் மறக்கும் ஒன்று: தரம் 6இல் பெண்பிள்ளைகளுக்கான, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியும் தரம் 7இல் ஏற்புவலித் தடுப்பூசியும் பாடசாலையில்தான் போடப்படுகின்றன. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அவற்றைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுப் பெற வேண்டும்.

ஆறாம் படி: விடுமுறையில் ஒத்திகை பாருங்கள்

பணம் கட்டும் முன், தவணை விடுமுறையில் இரண்டு வாரம் உண்மையான நேரசூசியோடு நடத்திப் பாருங்கள். காலை எட்டு மணிக்குக் குளித்து உடைமாற்றி மேசைக்கு வர வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று பாடம். ஒவ்வொன்றின் முடிவிலும் கொப்பியில் எழுதிய ஏதாவது ஒன்று. முதல் நாள்களில் புதுமைக்காக எல்லாப் பிள்ளையும் செய்யும். இரண்டாம் வாரத்தில், நீங்கள் குசினியில் இருக்கும்போது, பிள்ளை தானாகப் பாடத்தைத் திறக்கிறதா, விளங்காததைக் குறித்துவைத்துக் கேட்கிறதா, வேறு திரைக்குத் தாவினாலும் தானே திரும்பி வருகிறதா என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் அழைத்து இருத்த வேண்டியிருந்தால், பாடசாலை செய்த வேலை முழுவதும் உங்கள் தலையில் விழப்போகிறது என்று பொருள்.

செலவையும் அதே இரண்டு வாரத்தில் கணக்கிடுங்கள். காணொளியுடன் நடக்கும் வகுப்பு ஒன்று மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி வரை எடுக்கும். நாளுக்கு நான்கு மணிநேரம், மாதத்தில் 20 நாள் என்றால் 80 ஜிபி. தரவுப் பொதிகளில் இரவு நேரத்துக்கென ஒதுக்கிய பங்கு காலை வகுப்புக்கு உதவாது. படம் வரைந்து விளக்கும் பாடங்களுக்குக் கைத்தொலைபேசித் திரை போதாது, பழைய மடிகணினியாயினும் ஒன்று வேண்டும். மின்வெட்டின்போது என்ன செய்வது என்பதையும் தீர்மானியுங்கள்; பாடப்பதிவுகளைத் தரவிறக்கி வைக்க அனுமதிக்காத நிறுவனம் எமது சூழலுக்குப் பொருந்தாது. இங்கிலாந்து நேரத்தில் காலை 9 மணிக்குத் தொடங்கும் நேரலை வகுப்பு, அங்கே குளிர்காலத்தில் எமக்குப் பிற்பகல் 2.30க்கும் கோடையில் 1.30க்கும் தொடங்கும் என்பதால், பிள்ளையின் விளையாட்டு நேரம் முழுவதும் அதற்குள் போய்விடும்.

ஏழாம் படி: பிள்ளையோடு பேசி, திரும்பும் வழியை வைத்திருங்கள்

பிள்ளையிடம் "வீட்டில் இருந்து படிக்க விருப்பமா" என்று கேட்டால் பெரும்பாலும் ஆம் என்றுதான் சொல்லும். "பாடசாலையில் எது இல்லாமல் போனால் உனக்குக் கவலையாக இருக்கும்" என்று கேளுங்கள். நண்பர்கள், மைதானம், ஒரு ஆசிரியை என்று பெயர் சொல்லத் தொடங்கினால், அவற்றை இழக்காத ஓர் ஏற்பாட்டைத் தேட வேண்டும். ஒன்றுமே இல்லை என்று சொன்னால், அந்தப் பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அறியும் வரை முடிவைத் தள்ளிவையுங்கள். அம்மம்மா, மாமா, வெளிநாட்டுச் சித்தப்பா ஆகியோரின் கருத்துகளைப் பிள்ளையின் முன்னால் விவாதிக்காதீர்கள்.

மாற்றுவதென்று தீர்மானித்தால், முதலில் ஒரு தவணைக்கு மட்டும் என்று பிள்ளையிடமும் அதிபரிடமும் சொல்லுங்கள். தவணை முடிவில் அதே தரத்தின் பாடசாலை வினாத்தாளைக் கேட்டு வாங்கி, நேரம் வைத்து எழுதச் செய்து, வெளியார் ஒருவரைக் கொண்டு திருத்துங்கள். இணையவழி நிறுவனம் தரும் புள்ளிகளை மட்டும் நம்ப வேண்டாம். உறக்கம், பசி, வெளியே போகும் விருப்பம், வாரத்தில் எத்தனை பேரோடு நேரில் பேசியது என்பவற்றையும் முதற்படியில் எழுதிய கொப்பியோடு ஒப்பிடுங்கள். இவற்றில் இரண்டு பின்னடைந்திருந்தால் புள்ளிகள் உயர்ந்திருந்தாலும் ஏற்பாட்டை மாற்ற வேண்டும். மீண்டும் பாடசாலையில் சேர்ப்பதாயின் எந்தத் தரத்தில், எந்தத் தவணையில், எந்த ஆவணங்களுடன் ஏற்றுக்கொள்வார்கள் என்பதை விலகும் முன்னரே அதிபரிடம் எழுத்தில் கேட்டு, பதிலை மருத்துவ அறிக்கைகளோடும் தேர்ச்சி அறிக்கைகளோடும் ஒரே கோவையில் சேர்த்து வையுங்கள்.